சிட்டைப் படம் பிடிப்போர் சிந்தனைக்கு

பறவைகளைப் புகைப்படம் எடுப்பது இன்று பலருக்கும் உகந்த பொழுதுபோக்காகிவிட்டது. எங்கள் வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர் இதில் ஈடுபட்டுள்ளோம். சிலரிடம் இருப்பது அப்பாவின் கேமரா. சிலர் அண்ணனிடம் இரவல் வாங்குவார்கள். பலருக்கு வீட்டுக் கைப்பேசி ஒன்றே துணை. இந்த ஆர்வத்தை வளர்க்கும் பொருட்டு நமது இயற்கை மன்றம் ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி நடத்துகிறது. அக்கண்காட்சியில், கூட்டில் இருக்கும் பறவைகளின் படங்களுக்கு இனி இடம் அளிக்கக்கூடாது என்பது எங்கள் கருத்து. பார்ப்போர் அதிகமாகக் கூடி நின்று பாராட்டுவது அத்தகைய படங்களின் முன்புதான் என்பதை அறிந்தே இதை எழுதுகிறோம்.

"தாய்க்குருவி குஞ்சின் வாயில் இரையூட்டும் காட்சியைவிட அழகானது வேறென்ன இருக்கிறது? அதையா வேண்டாம் என்கிறீர்கள்?" என்று தோழியர் சிலர் இப்போதே கோபிக்கின்றனர். காட்சி அழகானதுதான், மறுக்கவில்லை. அப்படம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

நம் தோட்டங்களுக்கு வரும் தேன்சிட்டு அலகின் நுனி முதல் வால் வரை சுமார் 10 செ.மீ. நீளம்தான் இருக்கும். அது ஒரு பூவில் இரண்டு விநாடி தங்கினால் அதிகம். தையற்சிட்டோ செடியின் உள்ளேயே ஓடி ஒளிந்து, நாம் கேமராவைக் கண்ணருகே கொண்டு போகுமுன் அடுத்த செடிக்குப் போய்விடும். இவற்றைப் படம் பிடிக்கக் காலையெல்லாம் அலைந்து, வெறும் கிளைகளையும் மங்கிய வால்களையும் எடுத்துக்கொண்டு திரும்புவது எல்லாருக்கும் பழக்கமான அனுபவம். ஆனால் அதே சிட்டு தன் கூட்டுக்கு ஒரு மணி நேரத்தில் பலமுறை வந்தே தீரவேண்டும். குஞ்சுகளின் பசி அதை இழுத்து வரும். ஆகவே கூட்டின் அருகே நிற்பவருக்கு பறவையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சோம்பேறிக்கும் படம் கிடைத்துவிடும்.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது புலப்படும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த ரிச்சர்டு கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1892-ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தனர். பறவைக் கூடுகளைப் பற்றி அவர்கள் 1895-இல் வெளியிட்ட நூல், புகைப்படங்களைக் கொண்டு விளக்கப்பட்ட இயற்கை நூல்களுள் முன்னோடி. அன்றைய கேமரா பெரிய மரப்பெட்டி. அதனுள் கண்ணாடித் தகடு. ஒளி பதிவதற்கோ வெகுநேரம் ஆகும். பறக்கும் சிட்டை அதில் பிடிக்க வழியே இல்லை. பறவை நிச்சயமாகத் திரும்பி வரும் இடம் கூடு ஒன்றுதான். அதற்காக அச்சகோதரர்கள் பட்ட பாட்டைப் படித்தால் சிரிப்பு வரும். உள்ளீடற்ற மாட்டு உருவம் ஒன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள் ஒருவர் ஒளிந்துகொண்டு படம் எடுத்தார்களாம்! பறவை தங்களைக் கண்டு மிரளக்கூடாது என்று அவர்கள் அவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்கள். கைப்பேசியைக் கையில் பிடித்து, கூட்டிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நிற்கும் நம்மவர்களுக்கு அந்தக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

அதே காலத்தில் பிரான்சு நாட்டில் வேறொருவர் எதிர்த்திசையில் சிந்தித்தார். எத்தியேன் ழூல் மாரே என்னும் உடலியல் அறிஞர் 1882-இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமராவைச் செய்தார். விசையை இழுத்தால் ஒரு விநாடியில் 12 படங்கள் பதியும். அதைத் தோளில் பொருத்திக்கொண்டு, பறக்கும் பறவையைக் குறிபார்த்துச் "சுட்டார்". இறகில் ஒரு பிசிறும் விழவில்லை! இன்று நாம் வைத்திருக்கும் கேமரா மாரேயின் வழியில் வந்தது. விநாடிக்கு 20, 30 படங்கள் எடுக்கும் கேமராக்கள்கூட இப்போது கடைகளில் உள்ளன. கருவி மாரேயின் வழியில் எவ்வளவோ தூரம் போய்விட்டது. நாமோ இன்னமும் 1892-இல் நின்றுகொண்டு கூட்டைத் தேடுகிறோம்.

கூட்டருகே போவதால் என்ன கெடுதி வந்துவிடும் என்று கேட்கலாம். தையற்சிட்டையே எடுத்துக்கொள்வோம். அது அகன்ற இலை ஒன்றின் ஓரங்களை அலகால் துளையிட்டு, பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்துப் பையாக்கி, அதற்குள் கூடு வைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது இன்னோர் இலை, அவ்வளவே. அந்த மறைவுதான் அதன் பூட்டும் சாவியும். படம் எடுப்பவருக்கோ மறைவு இடைஞ்சல். முன்னால் இருக்கும் இலையை ஒடிக்கிறார். கிளையை வளைத்துக் கட்டுகிறார். அவர் படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒடிந்த இலையின் வழியே உச்சி வெயில் இறகு முளைக்காத குஞ்சின்மேல் விழும். காகமும் செம்போத்தும் ஓணானும் பூனையும் அதுவரை காணாததைக் காணும். ஆள் நிற்கும் வரை தாய் இரையை அலகில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கொம்பில் கத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கத்தலே எதிரிக்கு வழிகாட்டி. பறக்கத் தயாராகாத குஞ்சுகள் மிரண்டு கூட்டிலிருந்து வெளியே குதித்துவிடுவதும் உண்டு. இவை எதுவும் படத்தில் தெரியாது. கண்காட்சியில் நாம் கைதட்டும்போது அக்கூடு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

சட்டமும் இதில் வாய் திறந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்றில்லை. விவிலியத்திலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில், வழியில் கூட்டைக் காண்பவன் முட்டைகளின்மேலோ குஞ்சுகளின்மேலோ அமர்ந்திருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்கக்கூடாது என்று ஒரு கட்டளை வருகிறது. எத்தனையோ பெரிய கட்டளைகளுக்கு நடுவே ஒரு குருவிக்கூட்டுக்காக இரண்டு வசனங்கள்! மறைக்கல்வி வகுப்பில் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம் என்று தோன்றுகிறது.

ஆபத்து பறவைக்கு மட்டும் என்றும் எண்ண வேண்டாம். எரிக் ஹாஸ்கிங் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் பறவைப் புகைப்படக்காரர் 1937-இல், தமது 27-ஆம் வயதில், கூடு வைத்திருந்த ஆந்தை ஒன்றைப் படம் எடுக்கப் போனார். இருட்டில் அது அவர் முகத்தில் பாய்ந்ததில் இடக்கண்ணை இழந்தார். அதன் பிறகும் அவர் கேமராவைக் கீழே வைக்கவில்லை; ஒற்றைக் கண்ணோடு அரை நூற்றாண்டுக்கு மேல் பறவைகளைப் படம் பிடித்தார். அவருடைய உறுதியை வியக்கிறோம். ஆந்தையின்மேலும் எங்களுக்குக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை.

சரி, கூட்டை விட்டுவிட்டால் இச்சிறு பறவைகளைப் பிடிப்பது எப்படி? இங்கேதான் கலை தொடங்குகிறது. முதலில் ஒரு சிறு கணக்கு. தகைவிலான் குருவி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். கேமராவின் ஷட்டர் விநாடியில் 100-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் குருவி 10 செ.மீ. நகர்ந்துவிடும், படத்தில் ஒரு கோடுதான் விழும். 1,000-இல் ஒரு பங்கு என்றால் 1 செ.மீ.; 2,000-இல் ஒரு பங்கு என்றால் அரை செ.மீ. எனவே பறக்கும் சிட்டுக்கு 2,000 அல்லது அதற்கு மேல் வைத்தல் வேண்டும். ஷட்டர் வேகம் கூடினால் உள்ளே வரும் ஒளி குறையும். அதை ஈடுசெய்ய ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தோன்றும். புள்ளி விழுந்த கூர்மையான படம், புள்ளியில்லாத மங்கிய படத்தைவிட மேல் என்பது எங்கள் கட்சி. மேகமூட்டமான நாளில் இக்கணக்கோடு மல்லுக்கட்டுவதைவிட உட்கார்ந்திருக்கும் பறவையை நாடுவது நல்லது. அதற்கு 500-இல் ஒரு பங்கே போதும்.

இக்கணக்கில் இன்னொரு பகுதியும் உண்டு. கண் கண்டதை மூளை உணர்ந்து விரல் அழுத்துவதற்கு ஏறக்குறைய விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் நமது தகைவிலான் 2 மீட்டர் போய்விட்டிருக்கும்! ஆக, எவ்வளவு விலையுயர்ந்த கேமராவாக இருந்தாலும், பார்த்த பிறகு அழுத்துபவருக்கு வெறும் வானமே மிஞ்சும். (விரல் அழுத்துவதற்கு முந்தைய காட்சிகளையும் சேமித்து வைக்கும் கேமராக்கள் இப்போது வந்துவிட்டன. அவற்றின் விலையைக் கேட்டால் நம் வீடுகளில் மறுபேச்சு இருக்காது.) பறவை அடுத்து என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர்தான் தக்க நேரத்தில் அழுத்த முடியும். அதை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம்.

பச்சைப் பஞ்சுருட்டானைப் பாருங்கள். மின்கம்பியிலோ பட்டுப்போன கொம்பிலோ அமர்ந்திருக்கும். திடீரெனப் பாய்ந்து ஒரு தேனீயைப் பிடிக்கும். பெரும்பாலும் புறப்பட்ட அதே இடத்துக்குத் திரும்பி வந்து, தேனீயைக் கொம்பில் அடித்து அடித்துக் கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்கும். இதை அறிந்தவர் பறவையைத் துரத்த மாட்டார். அது போனதும் காலியான கொம்பின்மீது குவியத்தை நிறுத்தி, நகராமல் காத்திருப்பார். அது சிறகை விரித்து வந்து இறங்கும் அந்தக் கணம் அவருடையது. கரிச்சானிடமும் இதே முறை பலிக்கும்.

தேன்சிட்டின் வழக்கம் வேறு. மாதா கெபியை ஒட்டிய செம்பருத்தி வேலிக்கு அது தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறது. செம்பருத்திப் பூவுக்குள் முன்புறமாக அலகை விடுவதைவிட, பூவின் அடிப்பகுதியை ஓரமாகத் துளைத்துத் தேனைத் திருடுவதையே அது பெரிதும் விரும்புகிறது. பூவின் முகத்துக்கு நேராக நிற்பவர் சிட்டின் வாலைத்தான் காண்பார். பக்கவாட்டில் நிற்பவருக்கு முழு உருவமும் கிடைக்கும். வாழைப்பூ இன்னும் வசதி. மடலைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடி, மற்ற பூக்களைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் தங்கும். பின்னணியில் சுவர் நெருங்கி நிற்காத பூவாகத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பின்னால் எவ்வளவு தூரம் வெளி இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பறவை தனித்துத் தெரியும்.

ஆண் ஊதாத் தேன்சிட்டைப் படம் எடுத்துவிட்டு "கறுப்பாக வந்துவிட்டதே" என்று வருந்துவோர் பலர். அதன் ஊதாவும் நீலமும் துணிக்கு ஏற்றிய சாயம் போன்றவை அல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுபவை. கோணம் மாறினால் நிறம் மறைந்துவிடும். ஆகவே கதிரவன் நமது முதுகுப்புறம் இருக்க வேண்டும். காலை 7 மணி வெயில் தங்கம்; 11 மணி வெயிலில் கேமராவை உறையில் போட்டு வைப்பது உத்தமம். வெண்ணிற வானத்தைப் பின்னணியாகக் கொண்ட கிளையில் பறவை இருந்தால், கேமரா வானத்தின் ஒளியைக் கண்டு ஏமாந்து பறவையை நிழலாக்கிவிடும். அப்போது ஒளி அளவை ஒரு படி கூட்டிக்கொள்க. குவியம் எப்போதும் கண்ணில் நிற்கட்டும். வால் மங்கினால் மன்னிக்கலாம், கண் மங்கினால் படம் உயிரற்றுப் போகும். தரையில் இரை தேடும் பறவையாயின் நாமும் தரையில் அமர வேண்டும். சீருடை அழுக்காகிறதே என்று அம்மாக்கள் கடிந்துகொள்வார்கள். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

பறவை எப்போது பறக்கப் போகிறது என்பதற்கும் அறிகுறிகள் உண்டு. உடலைத் தாழ்த்தும், கழுத்தை நீட்டும். பல பறவைகள் கிளம்புமுன் எச்சமிட்டு உடலை இலேசாக்கிக்கொள்ளும். (அருட்சகோதரியர் இவ்வரியைப் பொறுத்தருள்க, இதைவிட நம்பத்தக்க அறிகுறி எங்களுக்குத் தெரியவில்லை.) காற்று வீசும் நாளில் பறவை காற்றை எதிர்த்தே எழும்பும். எனவே காற்று நம் முதுகில் படுமாறு நின்றால், அது நம்மை நோக்கிப் புறப்படும். குளத்தின்மேல் தாழப் பறக்கும் தகைவிலானும், பனைமரங்களைச் சுற்றிச் சுழலும் பனை உழவாரனும் கடினமானவை. கால்களை அகட்டி ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பியபடி பறவையோடு கேமராவையும் ஓட்டிக்கொண்டே அழுத்த வேண்டும். தகைவிலான் ஒரே பாதையில் மீண்டும் மீண்டும் வருவது ஒன்றே ஆறுதல். நூறு படம் எடுத்தால் இரண்டு தேறும். பிலிம் சுருளில் 36 படங்களே எடுக்க முடிந்த காலத்தில் இதைச் செய்தவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து அதை அருகே வரவழைப்பதும் இப்போது பரவிவருகிறது. வேறோர் ஆண் தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டதென்று எண்ணி அது பதறி ஓடி வருகிறது. பொய் சொல்லி அழைத்து, வந்தவரைப் படம் பிடிப்பது எந்த வகை மரியாதை? இதையும் கூட்டுப் படத்தோடு சேர்த்து விலக்கலாம்.

இனி, எங்களுக்கு உண்மையிலேயே கனமாகத் தோன்றும் மறுப்புக்கு வருவோம். "நீண்ட லென்ஸ் வாங்கப் பணம் இல்லாதவள் என்ன செய்வாள்? கைப்பேசியால் எடுக்கக்கூடிய ஒரே சிட்டு கூட்டில் இருக்கும் சிட்டுதானே? நீங்கள் விதிக்கும் விதி வசதியுள்ளவர்களுக்கே பரிசைக் கொடுத்துவிடும்" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. இதற்கு விடை பறவையிடம் இல்லை, நடுவர்களிடம் இருக்கிறது. படத்தில் பறவை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு சிறந்த படம் என்று எல்லாரும் எண்ணிவிட்டோம். அந்த அளவுகோல் இருக்கும் வரை, லென்ஸ் இல்லாதவள் காலால் நடந்து நெருங்கத்தான் செய்வாள். ஒரு முருங்கை மரம் முழுவதும் பூத்திருக்க, அதன் ஒரு மூலையில் விரல் நகத்தளவு தெரியும் தேன்சிட்டு நல்ல படம் ஆகாதா? வகுப்பறைச் சன்னலும் அதன் கம்பியில் ஒரு நொடி வந்தமர்ந்த சிட்டும் ஒரே சட்டத்துக்குள் இருந்தால், அது எங்கே வாழ்கிறது என்பதையும் அல்லவா அப்படம் சொல்கிறது? சிறிய பறவை சிறியதாகவே தெரியும் படங்களுக்குத் தனிப் பரிசு ஒன்று வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அதற்குக் கைப்பேசி தாராளமாகப் போதும்.

கருவியைப் பற்றிப் பேசும்போது மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். பல கருவிகளின் பாகங்களை ஒன்றிணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவைச் சுமந்து, கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படம் பிடித்தார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விலையுயர்ந்த லென்ஸ் இல்லையே என்று ஏங்கும் எங்களுக்கு அவருடைய ஒட்டுப்போட்ட கேமரா பெரிய ஆறுதல்.

கண்காட்சிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. புதிதாகத் தொடங்க விரும்புவோர் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். வீட்டுத் தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ அகன்ற மண்தட்டு ஒன்றில் நீர் வைத்து, அருகே உலர்ந்த கொம்பு ஒன்றை நட்டு வையுங்கள். தண்ணீருக்கு வரும் சிட்டு நேரே தட்டில் இறங்காது. முதலில் கொம்பில் அமர்ந்து நாற்புறமும் பார்க்கும். அந்தக் கொம்பை நல்ல வெளிச்சத்தில், பின்னணி தூரமாக இருக்கும்படி நட்டால் வேலை பாதி முடிந்தது. சன்னலுக்குப் பின்னால் அமர்ந்தே எடுக்கலாம். தட்டில் நீர் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் வேண்டாம், தேன்சிட்டுக்கு அதுவே கிணறு. தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பூனை பதுங்குவதற்கு ஏற்ற செடி பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.